போன் காமிராவில் போட்டோகிராமெட்ரி: கரையிலும் கடலுக்கடியிலும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குமரி மாவட்டத்தில் கல்வெட்டு, கோயில் சிற்பம், வள்ளம், கடலுக்கடிப் பார் (பாறைத் திட்டு) என்று எதையாவது போனில் எடுத்து முப்பரிமாண மாடல் ஆக்கப் பார்க்கிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே போட்டிருக்கிறோம். தண்ணீருக்குள் இறங்குகிற விஷயம் 10-ஆம் கேள்வியில் தொடங்குகிறது. ஆனால் முதல் ஆறைப் படிக்காமல் அங்கே தாவினால் பாதி புரியாது.

1. போட்டோகிராமெட்ரின்னா என்ன? நாலு பக்கமும் நாலு போட்டோ எடுத்தா போதாதா?

போதாது. படங்களில் இருந்து பொருளின் முப்பரிமாண வடிவத்தைக் கணக்கிட்டு எடுப்பதுதான் போட்டோகிராமெட்ரி. இடம் மாறி மாறி நின்று எடுத்த படங்களில் ஒரே புள்ளி எங்கெங்கே விழுகிறது என்று மென்பொருள் தேடிப் பிடிக்கிறது. அதை வைத்து, காமிரா நின்ற இடத்தையும் புள்ளி இருக்கும் இடத்தையும் சேர்த்தே கணக்கிடுகிறது. ஒரு புள்ளி மூன்று படத்திலாவது தெரிந்தால்தான் அதை நம்பலாம். நாலு பக்கத்துக்கு நாலு படம் என்றால் ஒன்றில் தெரிவது இன்னொன்றில் இருக்காது, ஒட்டவே ஒட்டாது.

இன்னொன்று: நின்ற இடத்தில் நின்று போனைச் சுழற்றுவது பனோரமாவுக்குத்தான் ஆகும். கால் நகர வேண்டும். காமிரா இடம் மாறாமல் ஆழம் கிடைக்காது.

2. எங்கிட்ட இருக்கது பதினஞ்சாயிரம் ரூபா போன். போதுமா, ஐபோன் வாங்கணுமா?

போதும். கவனிக்க வேண்டியது மெகாபிக்சல் அல்ல. ஃபோகஸ், ஷட்டர் (ஒளி விழும் நேரம்), ஐஎஸ்ஓ (ஒளியை உணரும் திறன்) மூன்றையும் கையால் பூட்ட முடிகிறதா என்பதுதான். போனில் ‘ப்ரோ’ மோட் இல்லையென்றால் ஆண்ட்ராய்டில் ‘ஓப்பன் கேமரா’ என்ற இலவச ஆப் இருக்கிறது. 50 மெகாபிக்சல் என்று விற்கும் போன்களில் பெரும்பாலானவை நாலு பிக்சலை ஒன்றாகச் சேர்த்து 12.5 மெகாபிக்சல் படம்தான் தரும். அந்தப் படமே நல்லது. முழு 50-ஐத் திறந்தால் கோப்பு பெருகும், விவரம் அதே அளவுக்குப் பெருகாது.

ஐபோன் ப்ரோவில் உள்ள லைடார் (ஒளியை அனுப்பித் தூரம் அளக்கும் கருவி) சுமார் 5 மீட்டர் வரை அளக்கும். அறையின் நீள அகலத்துக்கு அது சரி. சிற்பத்தின் விரல் மடிப்புக்கு ஆகாது. தண்ணீருக்குள் அறவே ஆகாது, அதன் அகச்சிவப்பு ஒளியைத் தண்ணீர் விழுங்கிவிடும்.

3. செட்டிங்ஸ்ல என்னெல்லாம் மாத்தணும்?

போனின் புத்திசாலித்தனம் எல்லாவற்றையும் அணைக்க வேண்டும். ஒரு தொகுப்பில் உள்ள எல்லாப் படமும் ஒரே லென்ஸ், ஒரே ஃபோகஸ் என்று மென்பொருள் நினைத்துக்கொள்கிறது. போன் படத்துக்குப் படம் எதையாவது மாற்றிக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலான கோளாறுகள் இந்த இழுபறியில் பிறப்பவைதான். 1x லென்ஸ் மட்டும் பயன்படுத்துங்கள். ‘ஆட்டோ மேக்ரோ’வை அணையுங்கள், பக்கத்தில் போனதும் சொல்லாமல் கொள்ளாமல் அகலக்கோண லென்ஸுக்குத் தாவுவது இதுதான். எச்டிஆர், ஏஐ காட்சி, பியூட்டி எல்லாம் வேண்டாம். எச்டிஆர் பல படங்களை ஒன்றாகக் கலக்கும். ஏஐ கூர்மையாக்கலோ கல்லின் சொரசொரப்பைத் தானாக வரைந்துவிடும். இல்லாத புள்ளி அடுத்த படத்தில் வேறு மாதிரி இருக்கும்.

வேலை செய்யப்போகும் தூரத்தில் ஃபோகஸைப் பூட்டுங்கள். வெள்ளைச் சமநிலையை ஒரே எண்ணில் வையுங்கள். ஐஎஸ்ஓ 50 முதல் 200, ஷட்டர் 1/200 அல்லது அதைவிட வேகம். ஜேபெக் உச்சத் தரம் போதும்; நிழலும் வெயிலும் கலந்த இடத்தில் டிஎன்ஜி (சென்சார் தரும் மூலக் கோப்பு) எடுத்தால் பிறகு சரிசெய்ய வசதி.

ஓஐஎஸ் எனப்படும் ஆட்டத்தடுப்பு, லென்ஸையோ சென்சாரையோ இம்மியளவு நகர்த்தும். புகைப்படத்தில் அதை அணைக்கப் பல போன்கள் விடுவதில்லை. முழங்கையை உடம்போடு ஒட்டி, நின்று, மூச்சைப் பிடித்து அழுத்தினால் அதற்கு வேலை குறையும்.

4. எவ்வளவு பக்கத்துல நிக்கணும்? எத்தனை படம் எடுக்கணும்?

சாதாரண 1x லென்ஸ் 24 மி.மீ.க்குச் சமம். 4:3 படத்தில் 1 மீட்டர் தூரத்தில் நின்றால் சுமார் 1.44 மீட்டர் அகலமும் 1.08 மீட்டர் உயரமும் அடங்கும். 12.5 மெகாபிக்சலில் அகலத்துக்கு 4,080 பிக்சல் என்றால், ஒரு பிக்சல் 0.35 மி.மீ. அரை மீட்டரில் 0.18 மி.மீ. நீங்கள் பார்க்க விரும்பும் மிகச் சிறிய விவரம் மூன்று நாலு பிக்சலாவது இருக்க வேண்டும். ஆகவே 1 மி.மீ. உளித்தடம் வேண்டுமென்றால் அரை மீட்டருக்குள் நில்லுங்கள்.

அடுத்தடுத்த படங்கள் 80 விழுக்காடு ஒன்றன்மேல் ஒன்று படிய வேண்டும், வரிசைக்கு வரிசை 60. 1 மீட்டர் தூரத்தில் இது பக்கவாட்டில் 29 செ.மீ. நகர்வு, மேலே 43 செ.மீ. நகர்வு. 3 மீட்டருக்கு 2 மீட்டர் சுவர் என்றால் ஓரங்களையும் சேர்த்து வரிசைக்கு 13 படம், 6 வரிசை, மொத்தம் 78. அதன்மேல் சாய்வாக 20, 25 படம். நூறு என்று வைத்துக்கொள்ளுங்கள். தனியாக நிற்கும் தூணுக்கு இடுப்பு, நெஞ்சு, தலைக்கு மேல் என்று மூன்று சுற்று, சுற்றுக்கு 30 முதல் 36.

5. சுவர் நேராத்தான் இருக்கு. மாடல்ல கிண்ணம் மாதிரி வளைஞ்சு வருதே?

தட்டையான பரப்பை நேருக்கு நேர், ஒரே தூரத்தில், போனை ஒரே திசையில் பிடித்து எடுத்தால் இப்படித்தான் வரும். லென்ஸின் வளைவா, சுவரின் வளைவா என்று மென்பொருளால் பிரித்தறிய முடிவதில்லை. பாதியைச் சுவரின் தலையில் கட்டிவிடும்.

மேலே சொன்ன சாய்வுப் படங்கள் இதற்காகத்தான். 20 முதல் 30 பாகை சாய்வில், இடம் வலம் மேல் கீழ் நாலு பக்கத்திலிருந்தும் எடுங்கள். கூடவே பத்துப் படம் போனை 90 பாகை திருப்பிப் பிடித்து எடுங்கள். போனின் ‘ஆட்டோ ரொட்டேட்’ அந்தப் படங்களைத் திருப்பிச் சேமித்தால் சில மென்பொருள்கள் அவற்றை வேறு காமிரா என்று எண்ணும். அந்த வசதியையும் அணைத்துவிடுங்கள்.

6. அளவு எப்படிக் கொடுக்க? போன்லதான் ஜிபிஎஸ் இருக்கே?

போனின் ஜிபிஎஸ் வெட்டவெளியிலேயே சில மீட்டர் பிசகும். இரண்டு அடி சிற்பத்துக்கு அதை நம்ப முடியாது. படங்களில் இருந்து வடிவம் மட்டுமே கிடைக்கும். அது யானையா, யானைப் பொம்மையா என்று மென்பொருளுக்குத் தெரியாது.

அளவுகோல் சட்டம் செய்வது எளிது. அலுமினியப் பட்டையை 55 செ.மீ.க்கு வெட்டி, இரு முனையிலும் மென்பொருள் தரும் குறியீட்டு வட்டங்களை அச்சிட்டு ஒட்டுங்கள். அச்சிடும்போது ‘100 விழுக்காடு’ என்று கொடுங்கள், ‘பக்கத்துக்குப் பொருத்து’ வேண்டாம். பளபள லேமினேஷன் கூடாது, மேட் வேண்டும். ஒட்டிய பிறகு மையத்துக்கு மையம் எஃகு ஸ்கேலால் அளந்து சட்டத்தின் முதுகிலேயே எழுதிவையுங்கள். நம் ஊர் ஈரத்தில் காகிதம் நீளும். நாலு சட்டம் செய்யுங்கள். மூன்றை அளவு கொடுக்க வையுங்கள், ஒன்றைத் தொடாமல் வையுங்கள். எதற்கென்று 19-இல் வரும்.

7. சிதறால் மலையில சிற்பம், கல்வெட்டு எல்லாம் எடுக்கணும். வெளிச்சம் எப்போ கொள்ளாம்?

மேகம் மூடிய நேரம்தான் ஆகச் சிறந்தது. சிதறாலில் சமணச் சிற்பங்கள் துருத்திய பாறையின் அடியில் இருப்பதால் பாதிக்கு வெயில், பாதிக்கு நிழல் என்று விழுந்தால் கறுப்பில் விவரமே இருக்காது. போன் ஃப்ளாஷ் வேண்டாம். அது உங்களோடு நகர்கிறது, நிழலும் நகர்கிறது. நகரும் நிழலைப் பள்ளம் மேடு என்று மென்பொருள் எடுத்துக்கொள்ளும்.

வட்டெழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று சுண்ணாம்புப் பொடி தேய்ப்பது, தண்ணீர் ஊற்றுவது எல்லாம் கல்லுக்குக் கேடு, தேவையும் இல்லை. தட்டையான வெளிச்சத்தில் 40 செ.மீ. தூரத்தில் எடுத்து மாடல் ஆக்கிவிட்டால், நிறத்தை நீக்கிவிட்டு எந்தப் பக்கமிருந்து வேண்டுமானாலும் திரையில் விளக்கடிக்கலாம். கண்ணுக்குத் தெரியாத கீறல்கூட எழும்பி வரும்.

சிதறால் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. முக்காலி வைப்பதானால் அனுமதி வாங்குங்கள். பத்மநாபபுரம் அரண்மனை நம் மாவட்டத்தில் இருந்தாலும் நிர்வாகம் கேரளத் தொல்லியல் துறை. அங்கே கேட்க வேண்டியது அவர்களிடம்.

8. எண்ணெய் பூசின சிலையும், வடசேரி நகையும் ஓட்டை ஓட்டையா வருதே?

பளபளப்புதான் காரணம். மின்னுகிற இடம் பொருளோடு ஒட்டி இருக்காமல் நீங்கள் நகர நகரத் தானும் நகர்கிறது. இரண்டு துண்டு போலரைசர் தாள் வாங்குங்கள். ஒன்றை எல்இடி விளக்கின் முன்னும், மற்றதை லென்ஸின் முன் 90 பாகை திருப்பியும் ஒட்டுங்கள். மினுக்கம் ஏறக்குறைய செத்துவிடும், ஷட்டர் மட்டும் மெதுவாகும். உங்கள் சொந்தப் பொருளாக இருந்தால் முகப்பவுடர் தூவலாம். கோயில் பொருளில் எதையும் தூவக் கூடாது.

நகையில் உலோகம் ஓரளவு வரும். கல் வராது, அதோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

9. முட்டத்துல பாறை எடுத்தேன். கடைசி அம்பது படம் மங்கல்.

உப்புச் சாரல். லென்ஸில் மெல்லிய படலம் படிந்திருக்கும், திரையில் பார்த்தால் தெரியாது. சட்டையால் துடைத்தால் தேய்ந்து இன்னும் பரவும். நல்ல தண்ணீரில் நனைத்த துணி ஒன்று, உலர்ந்த துணி ஒன்று. இருபது படத்துக்கு ஒரு முறை துடையுங்கள். அலை, ஆள், நாய் விழுந்த பகுதிகளை மென்பொருளில் மறைத்துவிடலாம்.

10. என் போன்ல ஐபி68 போட்டிருக்கு. அப்படியே கடலுக்குள்ள கொண்டு போலாமா?

வேண்டாம். ஐபி68 என்பது தண்ணீர் புகாமைக்கான தரக் குறி. அதற்கான சோதனை நல்ல தண்ணீரில், அசைவில்லாமல் வைத்துச் செய்வது. பல சாம்சங் மாடல்களுக்கு 1.5 மீட்டரில் 30 நிமிடம். ஐபோன் 12 முதல் பலவற்றுக்கு 6 மீட்டரில் 30 நிமிடம். உப்புத் தண்ணீர் சார்ஜ் துவாரத்தை அரிக்கும். தண்ணீரால் கெட்டால் பொதுவாக வாரண்டி கிடையாது. தொடுதிரையும் தண்ணீருக்குள் வேலை செய்யாது, தானாக எதையாவது அழுத்திக்கொண்டே இருக்கும்.

11. முந்நூறு ரூபாய்க்கு பிளாஸ்டிக் பவுச் கிட்டுதே, அது கொள்ளாமா?

குளிக்கப் போகும்போது படமெடுக்கக் கொள்ளாம். அளவெடுக்க ஆகாது. பவுச்சின் தாள் ஒவ்வொரு அசைவிலும் வேறு மாதிரி சுருங்கும். படத்துக்குப் படம் புது லென்ஸ் மாட்டியது போல் ஆகிவிடும். 3-ஆம் பதிலில் சொன்ன அடிப்படையே உடைந்துபோகும். முன்பக்கம் கெட்டியான, தட்டையான கண்ணாடியோ அக்ரிலிக்கோ உள்ள கூடு வேண்டும். லென்ஸ் அந்தக் கண்ணாடிக்கு ஒட்டி, செங்குத்தாக, ஆடாமல் உட்கார வேண்டும்.

12. ஹவுசிங் வாங்கியாச்சு. முங்குறதுக்கு முன்னாடி என்ன பாக்கணும்?

முதல் நாள் போனை வைக்காமல் கூட்டை மட்டும் சோதியுங்கள். உள்ளே டிஷ்யூ தாள் போட்டு மூடி, எடை கட்டி, வாளியில் அரை மணி நேரம் முக்குங்கள். அடுத்து அதே மாதிரி கடலில், இறங்கப் போகும் ஆழத்துக்கே கயிற்றில் இறக்குங்கள். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் இருப்பதைப் போல் இரு மடங்காகும், வாளியில் தாங்கியது அங்கே தாங்கும் என்று இல்லை. ஓ-ரிங்கில் (மூடியின் ரப்பர் வளையத்தில்) ஒரு மணல் துகள், ஒரு முடி இருந்தாலும் ஒழுகும். விரலால் தடவிப் பாருங்கள். சிலிக்கோன் கிரீஸ் பளபளக்கும் அளவுக்கு மட்டும் போதும், அப்பினால் மணலைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

கடற்கரையில் நின்று மூடினால் ஈரக்காற்றும் உள்ளே போகும், தண்ணீரின் குளிரில் கண்ணாடி பனிக்கும். வீட்டிலேயே ஏசி அறையில் மூடி, ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலம் போடுங்கள். போனை ஏரோபிளேன் மோடில் வையுங்கள். திரை அணையும் நேரத்தை உச்சத்தில் வையுங்கள். வால்யூம் பொத்தானை ஷட்டராக மாற்றுங்கள். அதை அழுத்திப் பிடித்தால் வீடியோ ஓடும் வசதி இருந்தால் அணையுங்கள். ஃபோகஸைத் தண்ணீருக்குள் வைத்துத்தான் பூட்ட வேண்டும். கரையில் பூட்டியது அங்கே பொருந்தாது. காரணம் அடுத்த பதிலில்.

13. தண்ணிக்குள்ள எல்லாம் பெருசா தெரியுமே. அப்போ அளவு தப்பா வராதா?

கடல்நீரின் ஒளிவிலகல் எண் சுமார் 1.34. தட்டைக் கண்ணாடி வழியே பார்த்தால் பொருள் முக்கால் தூரத்தில் இருப்பது போல் தோன்றும், பார்வைக் கோணமும் குறுகும். 4-ஆம் பதிலின் கணக்கில் 1.44 மீட்டர் அகலம் இங்கே 1.08 ஆகும், பிக்சல் 0.26 மி.மீ. ஆகும். படம் குறுகுவதால் நகர்வையும் குறைக்க வேண்டும்: 29 அல்ல, 21 செ.மீ.

இந்தப் பெருக்கத்தையும் ஓர வளைவின் பெரும்பகுதியையும் மென்பொருளின் சுய அளவீடு (படங்களில் இருந்தே லென்ஸின் தன்மையைக் கணிப்பது) தன் லென்ஸ் எண்களுக்குள் வாங்கிக்கொள்ளும். மூன்று நிபந்தனை: லென்ஸ் கண்ணாடிக்குச் செங்குத்தாக இருக்க வேண்டும், கரையில் எடுத்த அளவீட்டை இங்கே புகுத்தக் கூடாது, கரைப் படங்களையும் கடல் படங்களையும் ஒரே குழுவில் போடவும் கூடாது. அளவுகோலும் தண்ணீருக்குள், பொருளின் பக்கத்திலேயே இருக்க வேண்டும். ஓரங்களில் நிறம் பிரிந்து தெரிந்தால் படத்தின் நடுப் பகுதியை மட்டும் நம்பி, இன்னும் நெருக்கமாக எடுங்கள்.

14. எல்லாம் பச்சையா, புகை மாதிரி இருக்கு. லைட் அடிச்சா பனி கொட்டுது.

நிறம் போவது பெரிய பிரச்சினை இல்லை. ஐந்து ஆறு மீட்டருக்குள் சிவப்பு பெரும்பாலும் போய்விடும். மென்பொருளுக்கு வேண்டியது வெளிச்ச வேறுபாடுதான். தூரம்தான் எதிரி. கண்ணுக்கு மூன்று மீட்டர் தெரிந்தால் ஒரு மீட்டருக்குள் எடுங்கள். பனி கொட்டுவது தண்ணீரில் மிதக்கும் துகள் விளக்கில் மின்னுவது. விளக்கைப் போனின் இரு பக்கமும் நீண்ட கையில் தள்ளி வைத்து, 45 பாகை சாய்த்து அடியுங்கள்.

ஆழமில்லாத இடத்தில் வெயில் வலைபோல் அடியில் ஆடும். அது விளக்கு, துகள் எல்லாவற்றையும் விட மோசம், ஒவ்வொரு படத்திலும் பாறைக்குப் புதுக் கோலம் போட்டுவிடும். காலை வெயில் ஏறுமுன் அல்லது மேகம் மூடியபோது எடுங்கள்.

15. எந்த மாசம் கடல் தெளிஞ்சிருக்கும்?

ஜூன் முதல் செப்டம்பர் வரை கச்சான் (மேற்குக் காற்று) அடிக்கும் காலத்தில் மேற்குக் கரையில் இறங்கவே வேண்டாம். மற்ற மாதங்களில் கேட்க வேண்டியது அந்தந்த ஊரில் சிப்பிக்கு முங்குகிறவர்களிடம். எந்தப் பாரில் இன்று தெளிவு, நீவாடு (கடல் நீரோட்டம்) எந்தப் பக்கம் என்று அவர்களுக்குத் தெரிவது வேறு யாருக்கும் தெரியாது. இன்காய்ஸ் என்ற இந்தியக் கடல் தகவல் மையம் வெளியிடும் கள்ளக்கடல் எச்சரிக்கையைப் பாருங்கள். காற்றே இல்லாத நாளில்கூடத் தொலைவில் இருந்து வரும் அலைவீச்சு அது. திரையைப் பார்த்துக்கொண்டே முங்குகிறவனுக்கு நேரம் போவது தெரியாது. தனியாக இறங்காதீர்கள்.

16. போட்டோவா, வீடியோவா?

முங்கு நேரம் குறைவு என்றால் வீடியோ, இல்லையென்றால் போட்டோ. 4கே வீடியோவின் ஒரு சட்டகம் 8.3 மெகாபிக்சல்தான், கோப்பைச் சுருக்குவதும் அதிகம். எடுப்பதானால் மின்னணு ஆட்டத்தடுப்பை அணையுங்கள். அது ஒவ்வொரு சட்டகத்தையும் தனித்தனியாக வெட்டி வளைக்கும். பிறகு விநாடிக்கு இரண்டு சட்டகம் பிரித்தெடுங்கள், முப்பதையும் போட்டால் கணினி திணறும்.

எதுவானாலும் வேகம் முக்கியம். விநாடிக்கு 20 செ.மீ. நீந்தி 1/100 ஷட்டரில் எடுத்தால் படம் 2 மி.மீ. இழுபடும், அதாவது எட்டு பிக்சல். பாதி வேகத்தில் போய் 1/250 வைத்தால் 0.4 மி.மீ., ஒன்றரை பிக்சல். மெதுவாகப் போவதற்குக் காசு கிடையாது.

17. பாரு மேல அளவுகோல் எப்படி நிக்கும்? அலை தள்ளிடாதா?

20 மி.மீ. பிவிசி குழாயில் 50 செ.மீ. சதுரச் சட்டம் செய்யுங்கள். குழாயில் நெடுக ஓட்டை போட்டால் தண்ணீர் நிரம்பி மூழ்கும். மூலைகளில் வலைக்குக் கட்டும் ஈயக்குண்டு கட்டுங்கள். வெள்ளைக் குழாய் படத்தில் வெளிறிப்போகும், மேட் சாம்பல் பெயின்ட் அடியுங்கள். குறியீட்டு வட்டங்களை ஏசிபி (அலுமினியமும் பிளாஸ்டிக்கும் சேர்ந்த) தகட்டில் ஒட்டித் திருகலாம். பாதி படத்தில் சட்டம் நகர்ந்துவிட்டால் அந்தத் தொகுப்பையே திரும்ப எடுங்கள், ஒட்டுப்போட முடியாது. எது மேல், எது கீழ் என்று தெரிய ஒரு மிதவையை நூலில் கட்டிவிடுங்கள். நீவாடு இருந்தால் அது சாயும், அப்போது அதை நம்பாதீர்கள்.

கல் பவளத்தின் மேல் எதையும் வைக்காதீர்கள், பிடித்துக்கொண்டும் நிற்காதீர்கள். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் அது இருக்கிறது.

18. பாறைக் குழியில கிடக்க தண்ணிக்குள்ள மேல நின்னே எடுத்தா வராதா?

வரும், ஆனால் ஆழம் குறைவாக வரும். நேர் கீழே பார்த்த படங்களில் மாடல் காட்டும் ஆழத்தை 1.34-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய சரியாகும், 30 செ.மீ. என்றால் 40. சாய்ந்து பார்த்த படங்களில் பிசகு இன்னும் கூடும், ஒரே எண்ணால் திருத்த முடியாது. காற்றில் தண்ணீர் சிலிர்த்தால் அதுவும் இல்லை.

இடுப்பளவுத் தண்ணீருக்கு நல்ல வழி ஒன்று உண்டு. ஒரு பெட்டியின் அடியை வெட்டி 5 மி.மீ. தெளிவான அக்ரிலிக் தகட்டைச் சிலிக்கோனால் ஒட்டி, உள்ளே போனைத் தகட்டோடு சேர்த்து அசையாமல் பொருத்துங்கள். பெட்டியின் அடி மட்டும் தண்ணீரில் அமிழட்டும். ஹவுசிங் செலவு இல்லை, தொடுதிரையும் வேலை செய்யும், 13-இல் சொன்னதெல்லாம் அப்படியே பொருந்தும்.

19. எந்த சாப்ட்வேர்? மாடல் பிரமாதமா வந்திருக்கு, அளவு சரியான்னு எப்படித் தெரியும்?

மெஷ்ரூம் இலவசம், ஆனால் அடர்ந்த மாடலுக்கு என்விடியா கார்டு வேண்டும். ரியாலிட்டிஸ்கேன், முன்பு ரியாலிட்டிகேப்சர் என்ற பெயரில் இருந்தது, ஆண்டு வருமானம் 10 லட்சம் டாலருக்குக் கீழ் உள்ளவர்களுக்கு இலவசம். மெட்டாஷேப் காசு, தண்ணீர்ப் படங்களுக்கு அதில் கட்டுப்பாடு அதிகம். போனிலேயே செய்யும் ஆப்கள் பார்வைக்கு நல்லது, உள்ளே நடப்பதைக் காட்டாது. காஸியன் ஸ்ப்ளாட்டும் (மங்கலான நிறத் துளிகளால் காட்சியை வரையும் முறை) அப்படியே: கண்ணுக்கு விருந்து, அளவெடுக்க ஏற்றதல்ல.

பார்க்க நன்றாக இருப்பதும் அளவு சரியாக இருப்பதும் வேறு வேறு. வளைந்த மாடலும் அழகாகத்தான் இருக்கும். 6-இல் தொடாமல் வைத்த நாலாவது சட்டத்தை இப்போது மாடலில் அளங்கள். 500 மி.மீ. 501 என்று வந்தால் பிழை 0.2 விழுக்காடு, 2 மீட்டர் பொருளில் 4 மி.மீ. வரை பிசகலாம் என்று சொல்லி மாடலைக் கொடுங்கள். மென்பொருள் காட்டும் மறுவீழ்வுப் பிழை (கணக்கிட்ட புள்ளி படத்தில் உண்மையான இடத்தில் இருந்து விலகும் அளவு) ஒரு பிக்சலுக்குக் கீழே இருப்பது அவசியம், ஆனால் அது மட்டும் சான்றாகாது.

20. வருஷா வருஷம் ஒரே பாரை எடுத்து சிப்பி கூடிச்சா குறைஞ்சுதான்னு பாக்கலாமா?

பார்க்கலாம். அடுத்த ஆண்டும் அதே இடத்தைப் பிடிக்க, பாறையில் நாலு இடத்தில் துருப்பிடிக்காத எஃகு ஆணி அல்லது எபாக்சி அடையாளம் வேண்டும். வைக்க அனுமதி வேண்டுமா என்று முதலில் மீன்வளத் துறையிடம் கேளுங்கள். இரண்டு மாடலையும் கிளவுட்கம்பேர் என்ற இலவச மென்பொருளில் ஏற்றி, மொட்டைப் பாறையை மட்டும் வைத்துப் பொருத்துங்கள். பாசியையும் சிப்பியையும் சேர்த்துப் பொருத்தினால் வளர்ச்சியையே பிழை என்று எண்ணிச் சமன் செய்துவிடும்.

இரண்டு மாடலின் பிழையும் 3 மி.மீ. என்றால் 4 மி.மீ. வித்தியாசத்தை வளர்ச்சி என்று எழுதாதீர்கள்; பிழைகள் இரண்டும் சேரும். பாசி ஆடும் இடங்களில் மாடல் எப்போதும் தடித்தே வரும், அங்கே கன அளவு எடுக்க வேண்டாம். அந்த இடங்களில் மேலிருந்து பார்க்கும் தட்டைப் படத்தை எடுத்து, சிப்பி எத்தனை சதுர செ.மீ. பரவியிருக்கிறது என்று பரப்பை மட்டும் அளங்கள். அதற்கு வீட்டில் உள்ள எந்தக் கணினியும் போதும்.